பந்தை விட்டவர் பக்னர், ஆட்டத்தை விட்டது யார்?

கேள்வியை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து படிக்கிறவர்களுக்கும் புரியும். நீங்கள் அமெரிக்கா வந்து இரண்டு வருடம் ஆகிறது. உங்கள் அலுவலகத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற பேஸ்பால் அணியின் ரசிகர் ஒருவர், 1986இல் பில் பக்னர் கால்களுக்கு நடுவே பந்தை விட்டதால்தான் தன் அணி பேஸ்பாலின் பட்டத் தொடரான உலகத் தொடரை இழந்தது என்று அடித்துச் சொல்கிறார். நீங்கள் அந்தப் பத்து விநாடி வீடியோவைப் பார்த்துவிட்டு, ஒரு ஆள் ஒரு பந்தை விட்டதற்கு இத்தனை வருடமாகவா திட்டுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வாக்குவாதம் முற்றி பிரியாணிப் பந்தயம் வரை போயிருக்கிறது. "பக்னர் தப்பு செய்தாரா இல்லையா" என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்கு ஒரே சொல்லில் பதில்: செய்தார். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு இரண்டு விஷயம் என்று நினைக்கிறேன். அந்தத் தோல்வியில் அவர் பங்கு எவ்வளவு? சுற்றி அத்தனை பேர் இருக்க, ரசிகர்கள் ஏன் அவர் சட்டையைப் பிடித்தார்கள்?

நான் பேஸ்பால் ஆடியவன் இல்லை. சென்னையில் கல்லூரி நாட்களில் கீழ் டிவிஷன் கிரிக்கெட் அணி ஒன்றுக்கு ஸ்கோர் எழுதினேன். நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு மகன் பேஸ்பால் ஆடப் போனான், ஸ்கோர் எழுத ஆளில்லை என்று புத்தகத்தை என் கையில் திணித்தார்கள், இரண்டே வருடத்தில் மகன் ஆட்டத்தை விட்டுவிட்டான், நான் பதிமூன்று வருடமாக விடவில்லை. அதனால் ஒரு பிழையை யார் பெயரில் எழுதுவது என்பதில் எனக்குப் பழக்கம் உண்டு, அதற்காகப் பெற்றோர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பழக்கமும் உண்டு. ஆனால் ஐம்பதாயிரம் பேர் கத்தும்போது கணுக்கால் வலியோடு முதல் பேஸில் நின்று தரையோடு வரும் பந்துக்குக் குனிவது எப்படி இருக்கும் என்பதை நான் வெளியிலிருந்துதான் பேச முடியும். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. 1986 அக்டோபர் 25, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம், மெட்ஸ் அணிக்கு எதிரே ரெட் சாக்ஸ். ஏழு ஆட்டத் தொடரில் இது ஆறாவது. பாஸ்டன் 3-2 என்று முன்னால் இருக்கிறது, இதை ஜெயித்தால் 1918க்குப் பிறகு முதல் பட்டம். பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒரு இன்னிங்ஸில் மூன்று அவுட், அப்படி ஒன்பது இன்னிங்ஸ், சமனில் முடிந்தால் யாராவது முந்தும்வரை தொடரும். பிட்சர் வீசுவார், கேட்சர் நம் கீப்பர் மாதிரி பின்னால் இருப்பார், அடித்தவர் மூன்று பேஸ்களையும் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்தால் ஒரு ரன். இவ்வளவு தெரிந்தால் போதும். ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 3-3. பத்தாவதில் பாஸ்டன் இரண்டு ரன் எடுத்து 5-3. பதிலுக்கு ஆட வந்த மெட்ஸில் முதல் இரண்டு பேரும் பந்தைத் தூக்கிக் கொடுத்து அவுட். பேஸ்களில் ஒருவரும் இல்லை, பாஸ்டனுக்குத் தேவை இன்னும் ஒரே ஒரு அவுட். ஷாம்பெயின் தெறிக்கும் என்று பாஸ்டன் வீரர்கள் உடை மாற்றும் அறையில் பிளாஸ்டிக் ஷீட் எல்லாம் கட்டிவிட்டார்கள். மைதானத்தின் பெரிய ஸ்கோர்போர்டில் பாஸ்டனுக்கு வாழ்த்து ஒரு கணம் தெரிந்து மறைந்ததாகவும் சொல்வார்கள்.

அங்கிருந்துதான் அவிழ ஆரம்பித்தது. கேரி கார்ட்டர் ஒரு ஹிட், அதாவது பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸ் சேர்ந்தார். கெவின் மிட்செல் ஒரு ஹிட். ரே நைட்டுக்கு இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது, இன்னொன்று விழுந்தால் தொடரே முடிந்தது, அவரும் ஒரு ஹிட் அடித்தார், கார்ட்டர் ஓடி வந்து 5-4. இந்த மூன்றையும் கொடுத்த பிட்சர் கால்வின் ஷிரால்டி. எட்டாவது இன்னிங்ஸில் 3-2 என்றிருந்த முன்னிலையைத் தொலைத்தவரும் அவரேதான். அவரை எடுத்துவிட்டு பாப் ஸ்டான்லியை அனுப்பினார்கள். எதிரே மூக்கி வில்சன். பத்துப் பந்து நீடித்தது அந்த மல்லுக்கட்டு, வில்சன் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி வெளியே விட்டுக்கொண்டே இருந்தார். ஏழாவது பந்து அவர் காலைக் குறிவைத்து உள்ளே வந்தது, அவர் குதித்து விலகினார், கேட்சர் ரிச் கெட்மனால் தடுக்க முடியாமல் பந்து பின்னால் ஓடிவிட்டது, மூன்றாவது பேஸில் காத்திருந்த மிட்செல் உள்ளே வந்துவிட்டார். 5-5. நைட் இரண்டாவது பேஸுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்துங்கள். இரண்டு ரன் முன்னிலை போய்விட்டது, அதில் பக்னர் கை படவே இல்லை. உங்கள் அலுவலக நண்பர் மாதிரியான ரெட் சாக்ஸ் ரசிகர்களிடம் நான் பேசிப் பார்த்ததில் பாதிப் பேர் மனதில் இந்தச் சித்திரம் கிடையாது. பக்னர் பந்தை விட்டதும் முன்னிலை கரைந்தது என்றுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். சிலர் அது ஏழாவது ஆட்டத்தில் நடந்தது என்றே நம்புகிறார்கள்.

பிறகுதான் அந்தப் பந்து. வில்சன் அடித்தது தரையோடு தத்தித் தத்தி முதல் பேஸ் பக்கம் போனது, பக்னர் குனிந்தார், கிளவுஸ் போதுமான அளவு கீழே இறங்கவில்லை, பந்து கால்களுக்கு நடுவே புகுந்து பின்னால் போனது, நைட் தலையில் கையை வைத்துக்கொண்டே ஓடி வந்து சேர்ந்தார். 6-5. பள்ளிப் பையன்கூட எடுத்திருப்பான் என்று சொல்கிற வகைப் பந்து அது, அதை மறுக்க முடியாது. ஆனால் எடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பட்டம் இல்லை, பதினோராவது இன்னிங்ஸ். அதற்குமேல் இன்னொன்று: இது ஆறாவது ஆட்டம். இரண்டு நாள் கழித்து அக்டோபர் 27 அன்று நடந்த ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் 3-0 என்று முன்னால் இருந்து, கடைசியில் 8-5 என்று தோற்றது. அதில் சமனை உடைத்த ஹோம் ரன்னை, நம் சிக்ஸர் மாதிரியான அடியை, நைட் யாரிடம் அடித்தார் தெரியுமா? மறுபடியும் களமிறக்கப்பட்ட அதே ஷிரால்டியிடம்.

இனி விவாதத்துக்கு உரியவை. பக்னர் பந்தைச் சுத்தமாக எடுத்திருந்தால் வில்சன் அவுட்டா என்பதே முதல் சண்டை. பக்னருக்கு 1975இல் கணுக்காலில் பட்ட அடி கடைசிவரை ஆறவில்லை, அந்தத் தொடரில் கணுக்காலை மூடும் உயரமான ஷூ போட்டுக்கொண்டு நொண்டி நொண்டித்தான் ஆடினார். பேஸை நோக்கித் தானே ஓடாமல், ஓடி வரும் பிட்சரிடம் பந்தைத் தட்டிக் கொடுப்பது அவர் வழக்கம். அதனாலேயே 1985இல் முதல் பேஸில் நின்று 184 அசிஸ்ட் (அடுத்தவர் அவுட் ஆக்கப் பந்தை எடுத்துக் கொடுத்த கணக்கு) எடுத்தார், அது அப்போது சாதனை, 2009இல் ஆல்பர்ட் புஹோல்ஸ் வந்துதான் அதைத் தாண்டினார். ஃபீல்டிங் தெரியாதவர் என்று அவரை நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அன்றும் அவர் ஸ்டான்லியிடம்தான் கொடுத்தாக வேண்டியிருந்திருக்கும். வில்சன் மின்னல் மாதிரி ஓடுகிறவர். ஸ்டான்லி முந்தியிருப்பார் என்று ஒரு கட்சி, வில்சன்தான் முந்தியிருப்பார் என்று ஒரு கட்சி. நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தும் முடிவுக்கு வரவில்லை, கொஞ்சம் வில்சன் பக்கம் சாய்கிறேன், அவ்வளவுதான். இரண்டாவது சண்டை, மிட்செலை உள்ளே விட்ட அந்தப் பந்து யார் கணக்கு என்பது. கிரிக்கெட்டில் வைடு போனால் பவுலர் கணக்கு, பை போனால் கீப்பரைப் பார்ப்போம் அல்லவா? அதே மாதிரி இங்கே வைல்டு பிட்ச் என்றால் பிட்சர் தவறு, பாஸ்டு பால் என்றால் கேட்சர் தவறு. அன்று ஸ்கோரர் வைல்டு பிட்ச் என்று ஸ்டான்லி பெயரில் எழுதினார். கெட்மன் தடுத்திருக்க வேண்டியது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். நான் எழுதியிருந்தாலும் வைல்டு பிட்ச் என்றே எழுதியிருப்பேன், ஆனால் பேனா கொஞ்சம் தயங்கியிருக்கும்.

சரி, என் பார்வையில் இந்த ஆட்டத்தின் முக்கியமான தவறு பத்தாவது இன்னிங்ஸிலேயே இல்லை, எட்டாவதில் இருக்கிறது. பாஸ்டன் 3-2 என்று முன்னால் இருக்கிறது, பேஸ்கள் மூன்றும் நிரம்பியிருக்கின்றன, இரண்டு அவுட், ஆட வருகிறவர் பக்னர். மெட்ஸ் உடனே இடது கை பிட்சர் ஜெஸ்ஸி ஒரோஸ்கோவைக் கொண்டுவந்தார்கள். பக்னரும் இடது கை ஆட்டக்காரர், இடது கைக்கு இடது கை என்றால் ஆடுகிறவருக்குப் பொதுவாகக் கஷ்டம். வெளியே பெஞ்சில் டான் பெய்லர் உட்கார்ந்திருக்கிறார், வலது கைக்காரர், பெரிய அடிக்காரர், அன்றைய மைதான விதிப்படி பிட்சருக்குப் பதில் ஆடும் இடம் இல்லாததால் மட்டுமே வெளியே இருந்தார். மேனேஜர் ஜான் மெக்னமாரா பெய்லரை அனுப்பவில்லை. பக்னர் தூக்கிக் கொடுத்து அவுட். அங்கே பெய்லர் போயிருந்தால் பாஸ்டனுக்கு ரன் வந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது, ஆனால் வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது என்பதால் பக்னருடைய வேலை அதோடு முடிந்திருக்கும், ஃபீல்டிங்குக்கு முதல் பேஸில் வேறு ஆள் நின்றிருப்பார். அந்த வேறு ஆளும் தயாராகத்தான் இருந்தார், பெயர் டேவ் ஸ்டேப்பிள்டன். அந்தத் தொடரில் பாஸ்டன் அதற்குமுன் ஜெயித்த 1, 2, 5 ஆகிய மூன்று ஆட்டங்களிலும் கடைசி இன்னிங்ஸ்களில் பக்னரை வெளியே எடுத்து ஸ்டேப்பிள்டனை நிறுத்தியவர் இதே மெக்னமாராதான். ஆறாவதில் மட்டும் செய்யவில்லை. வெற்றிக் கொண்டாட்டத்தின்போது பக்னர் மைதானத்தில் இருக்கட்டும் என்று இரக்கப்பட்டார் என்பது பலகாலமாக ஓடும் கதை. மெக்னமாரா அதை ஒப்புக்கொள்ளவில்லை, என்னிடம் இருந்தவர்களில் பக்னர்தான் சிறந்த முதல் பேஸ்மேன் என்றே சொல்லிவந்தார். அன்று பாஸ்டனுக்கு முதலில் வீசிய பிட்சர் ரோஜர் கிளெமன்ஸை ஏழு இன்னிங்ஸோடு ஏன் எடுத்தார் என்பதிலும் இதே மாதிரி இரண்டு கதை: விரலில் கொப்புளம், தானே போதும் என்றார் என்பது மேனேஜர் தரப்பு, நான் அப்படிக் கேட்கவே இல்லை என்பது கிளெமன்ஸ் தரப்பு. இருவரில் யார் சொல்வது சரி என்று வெளியாட்கள் தீர்ப்புச் சொல்ல வழியில்லை, ஆகவே அதை நான் பழிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பக்னர் மேல் குற்றம் சொல்லியே தீரவேண்டும் என்றால் அவருடைய பேட்டிங்கைச் சொல்லலாம். அந்தத் தொடர் முழுக்க 32 வாய்ப்பில் 6 ஹிட், சராசரி .188. 1980இல் பேஸ்பாலின் இரண்டு பெரிய பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் பேட்டிங் பட்டம் வாங்கியவர், மொத்தம் 2,715 ஹிட் அடித்து ஓய்வு பெற்றவர், அவருக்கு இது மோசமான எண்தான். ஆனால் .188 என்று திட்டி யாரும் சுவரில் கிறுக்குவதில்லை. அதற்கு வீடியோ கிடையாது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், எனக்கு இதுதான் சுவாரஸ்யம். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று ஏன் ஆகிறது? கடைசியாக நடந்தது நினைவில் நிற்கும், டிவி அதையே திரும்பத் திரும்பக் காட்டும், இதெல்லாம் நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஸ்கோரர் என்ற முறையில் நான் இன்னொரு காரணம் சேர்ப்பேன். பேஸ்பால் தவறுக்கு ஒரு பெயரும் ஒரு கட்டமும் வைத்திருக்கிறது. ஸ்கோர்போர்டில் மூன்று எண் இருக்கும்: ரன், ஹிட், எர்ரர். தவறு செய்தவரின் இட எண்ணோடு அது புத்தகத்தில் ஏறும், முதல் பேஸ்மேன் என்றால் ஈ-3. நம் கிரிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1999 உலகக் கோப்பையில் ஹெடிங்லியில் ஹெர்ஷல் கிப்ஸ் கையில் வந்த ஸ்டீவ் வாவின் கேட்சைக் கொண்டாடும் அவசரத்தில் நழுவவிட்டார், வா 120 எடுத்துக் கடைசிவரை அவுட் ஆகாமல் ஜெயித்துக் கொடுத்தார். ஸ்கோர் கார்டை எடுத்துப் பாருங்கள், அந்தக் கேட்ச் அதில் எங்குமே இருக்காது. கிப்ஸ் அன்று அடித்த 101 மட்டும் இருக்கும். சென்னையில் ஸ்கோர் எழுதியபோது யார் கேட்சை விட்டார் என்று குறிக்க எனக்குக் கட்டமே கிடையாது. இங்கே வந்து முதல் நாள் ஒரு பத்து வயதுப் பையன் பெயருக்கு எதிரே 'ஈ' போடச் சொன்னபோது கை கூசியது.

அந்தக் கட்டம் எதை வாங்கிக்கொள்ளும், எதை விட்டுவிடும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விதிப்படி, சாதாரண முயற்சியில் செய்து முடித்திருக்க வேண்டிய காரியத்தைக் கையால் கெடுத்தால்தான் எர்ரர். யோசிக்கத் தவறியது, போக வேண்டிய இடத்துக்குப் போகாதது, தவறாகக் கணித்தது, இவையெல்லாம் எர்ரர் கிடையாது. மேனேஜர் செய்யாத மாற்றத்துக்கு இடமே இல்லை. பக்னரின் பிழை புத்தகத்தில் ஏறியது, மெக்னமாராவின் பிழை ஏறவில்லை. அறுபது வருடம் கழித்துப் புத்தகத்தை மட்டும் புரட்டுகிற ஒருவருக்கு பத்தாவது இன்னிங்ஸில் ஈ-3 தெரியும், பெய்லர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது தெரியாது.

இதற்கு 1986ஐவிட நல்ல உதாரணம் சமீபத்தில் கிடைத்தது. 2024 அக்டோபர் 30, யாங்கீ ஸ்டேடியம், உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம், டாட்ஜர்ஸுக்கு எதிராக யாங்கீஸ் 5-0 என்று முன்னால் இருக்கிறது. ஐந்தாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரோன் ஜட்ஜ் நேராக வந்த சுலபமான கேட்சை விட்டார், அதற்கு முந்தைய இன்னிங்ஸில்தான் சுவரில் மோதி ஒரு அபாரமான கேட்ச் பிடித்திருந்தார். அடுத்து ஆன்டனி வோல்பி மூன்றாவது பேஸுக்கு எறிந்தது தரையில் குத்திவிட்டது. பேஸ்கள் நிரம்பின, ஒரு அவுட்டும் இல்லை. பிட்சர் கெரிட் கோல் அசரவில்லை, அடுத்த இரண்டு பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அதில் ஒருவர் ஷோஹேய் ஓடானி. மூன்றாவதாக மூக்கி பெட்ஸ் முதல் பேஸ் பக்கம் ஒரு தரைப் பந்து தட்டினார். முதல் பேஸ்மேன் அந்தோனி ரிஸோ சுழன்று வந்த பந்தைக் காத்திருந்து எடுத்து நிமிர்ந்தார், முதல் பேஸில் கோல் இல்லை. பந்து வலப்பக்கம் போனால் பிட்சர் முதல் பேஸுக்கு ஓட வேண்டும் என்பது பன்னிரண்டு வயதில் சொல்லிக் கொடுக்கிற பாடம், பெரிய அணிகளும் ஒவ்வொரு வசந்த காலப் பயிற்சியிலும் அதைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள். கோல் கொஞ்சம் ஓடி நின்றுவிட்டு ரிஸோவைக் கை காட்டினார். பெட்ஸ் சேர்ந்துவிட்டார், ஒரு ரன்னும் வந்துவிட்டது. அதன்பின் இரண்டு ஹிட், இன்னும் நான்கு ரன், 5-5. கடைசியில் டாட்ஜர்ஸ் 7-6 என்று ஜெயித்துத் தொடரையே முடித்துவிட்டது.

புத்தகத்தைத் திறந்தால்? ஜட்ஜுக்கு எர்ரர், வோல்பிக்கு எர்ரர். பெட்ஸுக்கு ஹிட். கோல் பெயரில் எர்ரர் இல்லை, அதுமட்டுமல்ல, எர்ரர்கள் இல்லாமல் போயிருந்தால் இன்னிங்ஸ் முன்பே முடிந்திருக்கும் என்ற கணக்கில் அந்த ஐந்து ரன்னில் ஒன்றுகூட அவர் தலையில் விழவில்லை. 5 ரன் கொடுத்தார், அவர் கணக்கில் 0. பந்து வந்த வேகத்தைத் தவறாகக் கணித்துத் தவறான கோணத்தில் ஓடினேன் என்று ஆட்டம் முடிந்ததும் அவரே ஒப்புக்கொண்டார், புத்தகத்துக்கு அது பொருட்டில்லை. இங்கே என் பக்கத்து வீட்டு யாங்கீஸ் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். வயதானவர்கள் கோலைத் திட்டுகிறார்கள், ஓடாதது மன்னிக்க முடியாதது என்று. இளைஞர்கள் ஜட்ஜைத் திட்டுகிறார்கள், அவர்தான் பெரிய சம்பளக்காரர், அவர் படம்தான் போஸ்டரில் இருக்கிறது. ரிஸோ தானே ஓடியிருக்கலாம் என்று மூன்றாவதாக ஒரு சின்னக் கூட்டம் உண்டு. என்னைக் கேட்டால் கோல்தான். கை தவறுவது யாருக்கும் நடக்கும், ஓடுவது முடிவெடுக்கிற விஷயம்.

இதை எங்கள் ஊர்ச் சிறுவர் ஆட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். கடைசி இன்னிங்ஸ், சமன், ஷார்ட்ஸ்டாப் பையன் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்பவன், இட எண் 6) முதல் பேஸுக்கு எறிந்த பந்து தரையில் குத்தி எழும்பி, அங்கே நின்ற ஒல்லிப் பையனின் கிளவுஸில் பட்டுத் தெறித்து ஓடியது. ரன் வந்து ஆட்டம் முடிந்தது. அத்தனை கண்ணும் முதல் பேஸ் பையன் மேல். விதிப்படி அது எறிந்தவன் தவறு, ஈ-6 என்று எழுதினேன். ஷார்ட்ஸ்டாப்பின் அப்பா நேராக என்னிடம் வந்து, "சார், அவன் கிளவுஸில் பட்டதே, அதை எப்படி என் பையன் பேரில் எழுதுவீர்கள்?" என்று பிடித்துக்கொண்டார். பத்து நிமிடம் விளக்கினேன், நம்பவில்லை. இருவரும் கவனிக்காத ஒன்று, எறிதலுக்குப் பின்னால் பாதுகாப்பாக ஓடி நின்றிருக்க வேண்டிய மூன்றாவது பையன் தன் இடத்தைவிட்டு அசையவே இல்லை. அவன் பெயரை யாரும் கேட்கவும் இல்லை, எழுத எனக்கு இடமும் இல்லை. அன்று ஐஸ்கிரீம் வரிசையில் சந்தோஷமாக முதலில் நின்றவன் அவன்தான்.

இது பாஸ்டன்காரர்களின் தனிக் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். 1912 உலகத் தொடரின் முடிவாட்டத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸின் ஃப்ரெட் ஸ்னாட்கிராஸ் பத்தாவது இன்னிங்ஸில் ஒரு கேட்சை விட்டார், அடுத்து ஆட வந்தவர் அடித்த, அதைவிடக் கடினமான ஒன்றை ஓடிப் பிடித்தார். அதன்பின் பிட்சர் தவறான பந்துகளாக வீசி ஒருவரைச் சும்மா முதல் பேஸுக்கு நடக்கவிட்டு, எல்லைக் கோட்டுக்கு வெளியே போன ஒரு சுலபமான ஃபவுல் பந்து மூன்று பேருக்கு நடுவே யாரும் பிடிக்காமல் விழுந்து, அப்புறம்தான் ஆட்டம் போனது. வென்ற அணிக்கும் தோற்ற அணிக்கும் கிடைத்த பணத்தின் வித்தியாசத்தைக் கணக்கிட்டு அந்தக் கைநழுவலுக்கு முப்பதாயிரம் டாலர் என்று பெயர் வைத்தார்கள். அவர் 1974இல் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் இரங்கல் தலைப்பிலேயே அந்தக் கேட்ச் இருந்தது, 62 வருடம் கழித்து. சிகாகோ கப்ஸ் கதை இன்னும் விசித்திரம். 2003 அக்டோபர் 14, நேஷனல் லீக் இறுதியின் ஆறாவது ஆட்டம், கப்ஸ் 3-0, இன்னும் ஐந்து அவுட் போதும். ஓரத்தில் விழுந்த பந்துக்குக் கை நீட்டிய ஒரு ரசிகர் மேல் ஊரே பாய்ந்தது. அதே இன்னிங்ஸில் ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் கான்சாலெஸ் இரட்டை அவுட் ஆகியிருக்கக்கூடிய சுலபமான பந்தைக் கோட்டைவிட்டார், அவர் பெயரில் எர்ரரும் ஏறியது, மொத்தம் எட்டு ரன் போனது. இங்கே மட்டும் புத்தகத்தில் ஏறிய பெயரை விட்டுவிட்டு, புத்தகத்திலேயே இல்லாத ஒருவரைப் பிடித்தார்கள். ஆகவே நான் மேலே சொன்ன கட்டத்துக் காரணம் எல்லா இடத்திலும் செல்லாது, ஒத்துக்கொள்கிறேன். தங்கள் ஆட்டக்காரனைவிட அந்நியன் ஒருவன் கிடைத்தால் ரசிகனுக்கு அவன் இன்னும் வசதி போலிருக்கிறது.

பாஸ்டன் ரசிகர்களுக்காகவும் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன். அடுத்த வருடம் நடுவில் பக்னரை அணி விடுவித்தது உண்மை, அவரும் குடும்பமும் பட்டதும் உண்மை, கடைசியில் ஐடஹோவில் போய்க் குடியேறினார். ஆனால் 1990இல் அவர் மறுபடி ரெட் சாக்ஸ் சட்டையில் வந்தபோது பாஸ்டனின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க் எழுந்து நின்று கைதட்டியது, அது 2004இல் பட்டம் கிடைத்து மனம் ஆறுவதற்கு பதினாலு வருடம் முன்னால். 2008 ஏப்ரல் 8 அன்று ஆட்டத்துக்கு முன் சம்பிரதாயமாக முதல் பந்து வீச அழைத்தபோது கைதட்டல் நிற்கவே இல்லை, மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பழைய தோழர் டுவைட் எவன்ஸிடம் வீசினார். அன்று பேசியபோது, தான் மன்னிக்க வேண்டியிருந்தது ரசிகர்களை என்பதைவிட ஊடகங்களைத்தான் என்றார். ஆக ரசிகர்கள் என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதில் நாமும் அதே தப்பைச் செய்கிறோம். அவர் 2019இல் 69 வயதில் இறந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பாஸ்டன் தரப்பில் யார் தப்பு என்று தோண்டுகிற அவசரத்தில் மெட்ஸை மறந்துவிடுகிறோம். இரண்டு அவுட்டுக்குப் பிறகு மூன்று பேர் தொடர்ந்து அடித்தார்கள். வில்சன் பத்துப் பந்து தாக்குப்பிடித்தார். ஸ்டான்லி அந்த வைல்டு பிட்சை வீச நேர்ந்ததே அவர் அவுட் ஆக மறுத்ததால்தான். தோற்றவன் வீட்டுப் பஞ்சாயத்தில் ஜெயித்தவனுக்கு நாற்காலி போடுவதில்லை.

உங்கள் பந்தயத்துக்கு வருகிறேன். என் வரிசை இது: முதலில் மெக்னமாரா, பெய்லருக்காகவும் ஸ்டேப்பிள்டனுக்காகவும் இரண்டு முறை. அடுத்து ஷிரால்டி, இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து. பிறகு ஸ்டான்லியும் கெட்மனும், இருவரும் பங்கிட்டுக்கொள்ளட்டும். அதற்கும் பிறகுதான் பக்னர். இந்த வரிசையோடு ஒத்துப்போகாத நல்ல ஸ்கோரர்கள் உண்டு, ஷிரால்டியை முதலில் வைப்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். பக்னரை முதலில் வைப்பவர்களோடு போடுவேன். எனவே உங்கள் நண்பர் அந்தப் பத்து விநாடி வீடியோவை மட்டும் வைத்துப் பேசியிருந்தால் பிரியாணி உங்களுக்கு. ஒருவேளை அவர் எட்டாவது இன்னிங்ஸில் பேஸ்கள் நிரம்பியிருந்தபோது பக்னர் தூக்கிக் கொடுத்ததைச் சொல்லித் திட்டியிருந்தால் ஆளுக்குப் பாதி, ரைத்தா அவருக்கு. பெய்லர் பெயரை அவராகவே எடுத்திருந்தால் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், அவர் ஆட்டம் பார்த்தவர்.